நாற்பத்து மூன்றாவது ஓட்டை

டேவி மெல்ட்ரம் தமது எழுபத்து நான்காவது வயதில் நியூசிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பறந்து வந்தது ஒரே ஒரு கல்லை விடுவதற்காக. கல்லின் எடை பதினெட்டு கிலோ. விமானத்தில் இருபத்து மூன்று கிலோவுக்குமேல் கூடாது என்றார்கள். மிச்சமிருந்த ஐந்து கிலோவில் இரண்டு போத்தல் தேனும், ஒரு ஜோடி காலுறையும், பல்துலக்கியும் வைத்து மூடினார். சட்டை, கால்சட்டை வகையில் உடம்பில் இருந்ததோடு சரி.

"இது என்னங்க?" என்று விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் கேட்டாள்.

"கல்லு."

"எதுக்கு ஸ்காட்லாந்துக்குக் கல்லு? அங்க இல்லாததா?"

"இது அங்கேருந்து வந்ததுதாம்மா. ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு."

பாக்கி நாற்பத்தைந்து வருஷத்துப் பாக்கி. அன்று டேவியின் சொந்த ஊரான கின்லாரியில் ஏரி உறைந்திருந்தது. ஊரே பனிமேல் நின்று கர்லிங் ஆடியது. கின்லாரியில் பிறக்காத துரதிர்ஷ்டசாலிகளுக்காக ஒரு வார்த்தை: கைப்பிடி வைத்த கிரானைட் கல்லைப் பனியில் வழுக்கிவிட்டு, நாற்பது கஜம் தள்ளி வரைந்த வட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். அடுத்தவர் கல்லைத் தட்டி வெளியேற்றலாம். கல் ஓடும் பாதையைத் துடைப்பத்தால் தேய்த்துக் கல்லைக் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட வைக்கலாம். வளர்ந்தவர்கள் ஆடும் ஆட்டம் என்று நம்புவது கஷ்டம்தான். ஆனால் ஆடுகிறவர்கள் சிரிப்பதில்லை.

அன்றைய ஆட்டம் டேவிக்கும் இஷ்பெலுக்கும். வட்டத்தின் நட்டநடுவில் இஷ்பெலின் கல் உட்கார்ந்திருந்தது. மிச்சமிருந்தது ஒரே கல், டேவியுடையது. அவர் சட்டைப்பையில் வியாழக்கிழமைக்கு நியூசிலாந்து டிக்கெட் இருந்தது. இஷ்பெல் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "நீ என் கல்லை வெளிய தட்டிட்டேன்னா நானும் உன்கூட வர்றேன். தவறவிட்டேன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு நீ இங்கயே கிட."

டேவி குனிந்தார். கல்லைப் பிடித்தார். சூரியன் இறங்கியது. ஆட்டக் குழுவின் செயலாளர் விசில் ஊதினார்.

விதி பதினொன்று: சூரியன் இறங்கினால் ஆட்டம் நிற்கும், மறுநாள் தொடரும். செயலாளர் மனசாட்சி உள்ளவர். கயிறு பிடித்து ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்தை அளந்து படம் வரைந்துகொண்டார். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் ஏரி வெறும் தண்ணீர். வியாழக்கிழமை டேவி கல்லோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஏரி நல்ல கனத்துக்கு உறையவே இல்லை. டேவி நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை வைத்தார், கல்யாணம் செய்துகொண்டார், மனைவியை அடக்கம் செய்தார். இஷ்பெல் இங்கே தபால் நிலையத்தோடு சேர்ந்த கடையை நடத்தினாள், கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொண்டாள், அவரையும் அடக்கம் செய்தாள். ஒவ்வொரு ஜனவரியும் நியூசிலாந்துக்கு ஓர் அஞ்சலட்டை போகும். "இந்த வருஷமும் உறையல. இஷ்பெல்." நாற்பத்து நான்கு அட்டைகள். இந்த வருஷம் அட்டை வரவில்லை, தொலைபேசி வந்தது.

"உறைஞ்சிடுச்சு" என்றாள். வைத்துவிட்டாள்.

கின்லாரியில் பப் நடத்தும் வாட்டி கூர்லி தன் டிராக்டரை ஏரிமேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பனி போதுமா என்பதற்கு அந்த ஊரின் அளவுகோல் அதுதான். திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "அப்போ போதாதுன்னு அர்த்தம்" என்றார்.

வாட்டி செய்த ஒரே தப்பு, விண்ணப்பம் போட்டது. ஏரிமேல் இருபது பேருக்குமேல் நிற்பதாக இருந்தால் அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தார். 'நோக்கம்' என்ற இடத்தில் உண்மையை எழுதினார்: "இஷ்பெல் போவதா, டேவி இருப்பதா என்று தீர்ப்பது."

விண்ணப்பம் பொதுப் பிணைப்பு வாரியத்தின் மேசைக்குப் போனது.

இந்த வாரியம் பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. பிரிட்டனை விட்டுப் போவதா இருப்பதா என்று ஸ்காட்லாந்தே ஒருமுறை ஓட்டுப் போட்டது. இருப்பது என்று முடிவானது. அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசுவது நின்றுபோனது. பேச வைக்க ஒரு வாரியம் போட்டார்கள். தலைவர் யார் என்று பேசி முடியாமல் இரண்டு தலைவர்களைப் போட்டார்கள்: லண்டன் சார்பில் சர் ரூபர்ட் ஹாக்ஸ்வர்த், ஸ்காட்லாந்துத் தலைநகரான எடின்பரோ சார்பில் திருமதி மோரக் டல்கெட்டி. இருவர் நாற்காலியும் ஒரே உயரம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு தச்சர் வந்து அளந்துவிட்டுப் போவார். வாரிய விதி நான்கு சொன்னது: போவதா இருப்பதா என்று இரு தரப்பார் எடுக்கும் எந்த முடிவும் வாரியத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டைகளையும் இதில் சேர்க்கலாமா என்று வாரியம் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தது. இப்போது கர்லிங் கிடைத்தது.

திங்கட்கிழமை டேவி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது இரண்டு தலைவர்களும் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள்.

"நீங்க வெளிநாட்டுலேருந்து வர்றீங்களா?" என்றார் சர் ரூபர்ட்.

"ஆமாங்க. நியூசிலாந்து."

"அப்பாடா!" என்று திருமதி டல்கெட்டி மார்பில் கை வைத்துக்கொண்டார். "எங்களுக்கு ஒரு வெளிநாட்டுப் பார்வையாளர் வேணும் சார். விதி அப்படி. பக்கச்சார்பு இல்லாம எங்க அரசியலையும் பொதுப் பிணைப்பையும் பார்த்துட்டுக் கருத்துச் சொல்லணும்."

முன்பு ஒரு டென்மார்க்காரர் இருந்தார். மூன்றாவது கூட்டத்தின் நடுவில் கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று எழுந்தவர், கோபன்ஹேகனிலிருந்து ராஜினாமா அனுப்பினார்.

"இந்த விஷயத்துல உங்களுக்குச் சொந்த அக்கறை ஏதாவது உண்டா?" என்று சர் ரூபர்ட் படிவத்தைப் பிரித்தார்.

"நான்தாங்க அந்த டேவி. கல்லு விட வந்திருக்கேன்."

சர் ரூபர்ட் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "உண்டு, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. 'நான்தான் அந்த டேவி'ங்கறதுக்குக் கட்டம் இல்லையே."

"கட்டம் இல்லாத பதிலை 'இல்லை'ன்னு வெச்சுக்கலாம்" என்றார் திருமதி டல்கெட்டி.

"அப்புறம் இன்னொண்ணு" என்றார் சர் ரூபர்ட். "பார்வையாளர் ரெண்டு ஆட்டக்காரங்களோடயும் தனியாப் பேசக் கூடாது. இஷ்பெல் அம்மாவோடயும் கூடாது, டேவி மெல்ட்ரமோடயும் கூடாது."

"டேவி மெல்ட்ரமோடயுமா?"

"முக்கியமா அவரோட."

டேவி கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் கல் விட அனுமதி இல்லை என்றார்கள். ஆரஞ்சு நிற மேலங்கியும் கழுத்தில் தொங்க ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் விதியை மீறவில்லை. காலையில் முகச்சவரம் செய்யும்போதுகூட, எதிரே கண்ணாடியில் தெரிந்தவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை பனியை அளந்தார்கள். ஆட்டத்துக்கு ஏழு அங்குலம் வேண்டும். சர் ரூபர்ட்டின் ஆள் ஓர் ஓட்டை போட்டு ஏழு அங்குலம் என்றான். திருமதி டல்கெட்டியின் ஆள் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை போட்டான். அவர்கள் கணக்கு சென்டிமீட்டர். தேவை பதினெட்டு என்று வைத்திருந்தார்கள். இருந்தது பதினேழே முக்காலுக்குக் கொஞ்சம் மேல்.

"அங்குலத்துல ஆடலாம், சென்டிமீட்டர்ல ஆடக் கூடாது" என்றார் திருமதி டல்கெட்டி.

"ரெண்டும் ஒரே பனிதானேங்க?" என்றார் டேவி.

"அதைத்தான் சார் நாங்க இத்தனை வருஷமாப் பேசிக்கிட்டிருக்கோம்."

ஆகவே அவர் ஓட்டையை இவர் சரிபார்த்தார், இவர் ஓட்டையை அவர் சரிபார்த்தார். சரிபார்ப்பது என்றால் பக்கத்தில் இன்னோர் ஓட்டை. புதன்கிழமை சாயங்காலம் இருபத்தாறு ஓட்டைகள் ஆகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கொடி குத்தினார்கள், ஒரே உயரத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரியில் ஏதோ தேசியத் திருநாள் போல இருந்தது.

அளந்து களைத்த நேரங்களில் தேநீர். பார்வையாளருக்கு ஒரு தரப்பு ஊற்றினால் மறு தரப்பும் ஊற்ற வேண்டும். ஒன்றைக் குடித்து மற்றதை வைத்தால் பக்கச்சார்பு. டேவி ஒரு நாளைக்குப் பதினாறு கோப்பை குடித்தார். டென்மார்க்காரர் ஏன் கழிப்பறையைச் சொல்லிக் கிளம்பினார் என்பது அவருக்கு அப்போது விளங்கியது.

வியாழன் முழுக்கப் படத்துக்குப் போனது. பழைய செயலாளர் வரைந்த படம் நாற்பத்தைந்து வருஷமாக வாட்டியின் பப்பில், பீர்க் குழாய்க்கு மேலே மாட்டியிருந்தது. அதன்படி கற்களைத் திரும்ப வைக்க வேண்டும். படத்தில் ஒன்பது வட்டங்கள் இருந்தன. ஒன்பதாவது கல்லா, பீர்க் கறையா என்பதில்தான் சிக்கல்.

"கறைதான்" என்றார் வாட்டி. "நான்தான் சிந்தினேன். என் கல்யாணத்தன்னிக்கு."

"சாட்சி உண்டா?" என்றார் சர் ரூபர்ட்.

"என் பெண்டாட்டி இருந்தா. அவதான் தள்ளிவிட்டா."

கறைக்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு படத்தை முகர்ந்து பார்த்தது. கடைசியில், அது ஓரளவு கல், ஓரளவு கறை என்று தீர்ப்பானது. அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, அதை யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

அன்று பிற்பகல் டேவி கடைக்குப் போனார். உள்ளே இஷ்பெல் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது. தலை முழுக்க வெள்ளை. பார்வை மட்டும் அன்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்த அதே பார்வை. வாசலில் வாரியத்தின் ஆட்கள் இருவர், தரப்புக்கு ஒருவராக, கையில் குறிப்பேட்டோடு நின்றார்கள்.

"பார்வையாளரே" என்றாள் இஷ்பெல், தலை நிமிராமல். "டேவின்னு ஒருத்தன் ஊருக்குள்ள வந்திருக்கானாம். பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க. பேச்சுவார்த்தை இல்லை."

"நரைச்சுட்டானாமே."

"நல்லாவே."

"அவனைப் பார்த்தா சொல்லுங்க. சனிக்கிழமை மழைன்னு ரேடியோல சொல்லிட்டான். போன தடவை மாதிரி விசிலைக் கேட்டுட்டு நின்னான்னா, இன்னும் நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வரணும். அப்போ எனக்கு நூத்தி இருபத்தொண்ணு. துடைப்பம் பிடிக்கக் கை நடுங்கும்."

"சொல்லணும்தாங்க. ஆனா அவனோட நான் பேசக் கூடாதுன்னு விதி."

"எழுதிக் கொடுங்களேன்."

வாசலில் நின்ற இருவரும் குறிப்பேட்டைப் புரட்டினார்கள். எழுதிக் கொடுப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. டேவி ஒரு அஞ்சலட்டை வாங்கி, தனக்கே எழுதினார். இஷ்பெல் அதற்கு முத்திரை குத்தினாள். மறுநாள் காலை தபாலில் வந்தது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வாரியம் இறங்கி வந்தது. அங்குலமும் சென்டிமீட்டரும் சரிபாதி என்று பேசி முடித்து ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஓட்டைகள் நாற்பத்திரண்டு ஆகியிருந்தன. ஆனால் முதலில் விழா.

ஏரி நடுவில் இரண்டு மேடைகள் போட்டார்கள், ஓக் மரம், ஒரே உயரம். இரண்டு ஒலிபெருக்கி. இரண்டு பியானோ கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை இருந்ததாம். டிராக்டர் தரமாட்டேன் என்று வாட்டி சொன்னதில் பியானோ தப்பியது.

சர் ரூபர்ட் முதலில் பேசினார். "இந்த ஏரி எங்கள் இதயத்துக்கு மிக நெருக்கமானது. இது எங்கே இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அதாவது திங்கட்கிழமையிலிருந்து, லண்டன் இதை நினைக்காத நாள் இல்லை. நாங்கள் ஒரு குடும்பம். குடும்பத்தில் யாரும் யாரையும் போகாதே என்று தடுப்பதில்லை. கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. சாவி மட்டும் எங்களிடம் இருக்கிறது."

பிறகு திருமதி டல்கெட்டி. "இந்தப் பனி எங்கள் பனி. நாற்பத்தைந்து வருஷம் உறையாததற்கு லண்டன் பொறுப்பு. இந்த வருஷம் உறைந்ததற்கு நாங்கள் பொறுப்பு. நாளைக்கு மழை பெய்தால் யார் பொறுப்பு என்று மக்களுக்குத் தெரியும். எங்களிடம் அதிகாரத்தைக் கொடுங்கள், இதைவிடப் பல மடங்கு ஓட்டை எங்களால் தனியாகவே போட முடியும்!"

கூட்டத்தில் பாதி கை தட்டியது. மறு பாதி குளிருக்காகக் கை தட்டியது. காலடியில் பனி 'க்ரிக்' என்றது. கின்லாரிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போனார்கள். வாரியத்தார் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இப்போ பார்வையாளர் கருத்து" என்று டேவியிடம் இரண்டு கட்டுத் தாள்களை நீட்டினார்கள். இரண்டிலும் மூன்று பக்கம், ஒரே வாசகம். ஒன்றில் கடைசி வரி 'பிணைப்பு பலமாக இருக்கிறது'. மற்றதில் 'பிணைப்பு பலமாக இல்லை'.

"கருத்தை அப்புறம் எழுதித் தர்றேங்க" என்றார் டேவி. "இப்போ கல்லை விட்டுடலாமா? மணி மூணரை ஆச்சு."

"தாராளமா" என்றார் சர் ரூபர்ட். "ஆனா மேடை போட்டதுல பனியோட நிலைமை மாறியிருக்கலாம். கடைசியா ஒரே ஒரு தடவை அளந்துடலாம்."

"நியாயம்" என்றார் திருமதி டல்கெட்டி. "எங்க துளைக்கறது?"

"நடுவுல?"

"நடுவுல!"

வாரியத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சர் ரூபர்ட்டுக்குக் கண் கலங்கியது. புகைப்படக்காரரைக் கூப்பிட்டார்கள். இரண்டு ஆட்களும் இரண்டு துளைப்பான்களையும் தோளோடு தோள் வைத்து ஒரே இடத்தில் இறக்கினார்கள். ஓட்டை ஒரு அடிக்குமேல் அகலமாக வந்தது. டேவிக்கும் இஷ்பெலின் கல்லுக்கும் நேர் நடுவில் வந்தது.

"ஐயோ, அது கல்லு போற வழியாச்சே!" என்று வாட்டி கத்தினார்.

"ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டு" என்றார் சர் ரூபர்ட்.

சூரியன் மலைவிளிம்பைத் தொட்டது. வாரியச் செயலாளர் விசிலை வாயில் வைத்தார். டேவி கழுத்து அட்டையைக் கழற்றிப் பனியில் போட்டார், ஆரஞ்சு அங்கியையும் போட்டார். ஐந்து நாளில் முதல்முறையாக டேவி மெல்ட்ரமிடம் பேசினார்: "குனிடா."

குனிந்தார். மணிக்கட்டை லேசாகத் திருப்பிக் கல்லை விட்டார். ஓட்டையைச் சுற்றி வளைந்து போய் அந்தப் பக்கம் தட்ட வேண்டும். கல் வளைந்தது. அழகாக வளைந்தது. இஷ்பெல் துடைப்பத்தோடு முன்னால் ஓடினாள், எழுபத்தாறு வயதில், தன் கல்லை அடிக்க வருகிற கல்லுக்கு வழி தேய்த்துக்கொண்டு.

"எதிராளி கல்லுக்கு எதுக்குத் தேய்க்கறாங்க?" என்று திருமதி டல்கெட்டி கேட்டார். அதே நேரத்தில், இரண்டு ஓக் மேடைகளின் எடையில், நாற்பத்து மூன்று ஓட்டைகளையும் கோடு போட்டு இணைத்தது போலப் பனி பிளந்தது. மேடைகள் இரண்டும் ஒரே வேகத்தில் இறங்கின. தச்சர் பின்னாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார், ஒரு நூல்கூட வித்தியாசமில்லையாம். வாரியத்தார் கரைக்கு ஓடினார்கள். பனிப்பாளம் நடுப்பக்கமாகச் சாய்ந்தது. இஷ்பெலின் கல்லுக்கு ஒரு கை தூரத்தில் வந்துவிட்ட டேவியின் கல் நின்றது, யோசித்தது, திரும்பி வழுக்கி வந்தது. நாற்பத்து மூன்றாவது ஓட்டைக்குள் 'ப்ளக்' என்று போனது.

விசில் ஒலித்தது.

எல்லோரும் கரையேறினார்கள். முழங்காலுக்குமேல் யாருக்கும் நனையவில்லை, சர் ரூபர்ட்டைத் தவிர. அவர் பேச்சின் பிரதியை எடுக்கத் திரும்பிப் போயிருந்தார். வாட்டி விஸ்கி கொண்டுவந்தார். கரையில் கிடந்த மரக்கட்டைமேல் டேவியும் இஷ்பெலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்குடி தேய்ச்சே?" என்றார் டேவி.

"பட்டும்னுதான்."

"பட்டா நீ வரணுமே."

"அன்னிக்கே பெட்டி கட்டி வெச்சிருந்தேன்டா, மடையா. கட்டிலுக்கு அடியில."

டேவி விஸ்கிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அன்னிக்குத் தவறவிடறதா இருந்தேன்" என்றார். "வேணும்னே. இங்கயே இருந்துடலாம்னு."

இஷ்பெல் அவரை முழுசாக ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்கவில்லை. விஸ்கி புரையேறியது. டேவி முதுகில் தட்டினார்.

வாரியத்தின் அறிக்கை மறுவாரம் வந்தது. இரு தரப்பும் வென்றதாக, இரண்டு தொகுதி. கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டுப் பார்வையாளரின் கருத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். டேவி அனுப்பியது ஒரே வரி: "பனி நல்லாத்தான் இருந்தது, அளந்ததில்தான் போச்சு." இந்த வரியின் ஆழத்தை ஆராய வாரியம் ஒரு குழு போட்டிருக்கிறது.

டேவியின் கல் இன்னும் ஏரியின் அடியில் கிடக்கிறது. அது இல்லாமல் ஊர் திரும்ப முடியாது என்று அவர் எடுக்க அனுமதி கேட்டார். இரண்டு தலைவர்களும் கடைக்கே வந்து நிலைமையை விளக்கினார்கள். ஏரித் தண்ணீர் எடின்பரோவின் பொறுப்பு. ஏரியின் தரை லண்டனுடையது. கல் தரையில் கிடந்தாலும் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஆகவே இருவரும் கையெழுத்திட வேண்டும். யார் முதலில் போடுவது என்பது இனிமேல்தான் முடிவாக வேண்டும்.

"எத்தனை நாளாகும்?" என்றாள் இஷ்பெல்.

சர் ரூபர்ட் திருமதி டல்கெட்டியைப் பார்த்தார். "ஒரு பதினோரு வருஷம் வெச்சுக்கலாம்" என்றார்.

"பதிமூணு" என்றார் திருமதி டல்கெட்டி.

இஷ்பெல் கடைக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே டேவி, காலமான கால்நடை மருத்துவரின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ரொட்டியில் தேன் தடவிக்கொண்டிருந்தார்.

"நிதானமா அளந்து பண்ணுங்கய்யா" என்றாள் இஷ்பெல். "இன்னும் ரெண்டு கப் டீ குடிக்கறீங்களா?"